ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு மூட்டை

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நான் கல்யாணம் செய்துகொண்டது ராகுகாலத்தில். தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே. ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, மைக் செட் மட்டும் உண்டு. எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் தலைவர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத் தாலியை எடுத்துக் கொடுத்தார். பெண் வீட்டார் பாதிப் பேர் பந்தலுக்கு வெளியே நின்று, மணி பன்னிரண்டு ஆனபிறகுதான் உள்ளே வந்து இலையில் உட்கார்ந்தார்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தது. நான் அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்படிச் சிரித்த நானேதான் பிறகு ஏழு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், ராகுகாலம் பிறப்பதற்குள் அரக்கப் பரக்க ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் மனிதர்கள் உயிரோடு திரும்பி வருவதற்கான கையெழுத்து.

குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி ஒரு அரிசிக் குடோன். அதில் தரம் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. ரேஷன் கடைக்கு அரிசி போய்ச் சேர்வதில்தான் ஆட்சியின் மானமே இருக்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ஆட்சி எங்கள் ஆட்சி என்று நானும் நம்பியிருந்தேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவேன்.

அரிசியில் வண்டு விழும். அதை ஒழிக்க, அட்டி அட்டியாக அடுக்கிய மூட்டைகளின் மேல் பெரிய பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி, ஓரங்களை மணல் அடைத்த நீளப் பைகளால் அழுத்தி, உள்ளே மாத்திரை வைப்போம். மாத்திரை ஈரக்காற்றைக் குடித்து விஷவாயுவைக் கக்கும். ஏழு நாள் மூடிக் கிடக்க வேண்டும். பிறகு கவரை வெளியிலிருந்தே கயிற்றால் இழுத்து விலக்கி, கதவுகளை எல்லாம் திறந்துபோட்டு, ஒரு முழு நாள் காற்றாட விட வேண்டும். அதற்குமேல் நான் சோதித்துப் பார்த்து, பர்மிட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பர்மிட் மூன்று பிரதி. ஒன்று கதவில் தொங்கும், ஒன்று மேஸ்திரியிடம் போகும், ஒன்று என் புத்தகத்தில் இருக்கும். திறந்த நேரம், வாசனைச் சோதனை, நுழையும் நேரம் என்று கட்டங்கள். கீழே என் கையெழுத்து, மேஸ்திரியின் கைநாட்டு. அது இல்லாமல் ஒரு ஈ உள்ளே போகக் கூடாது என்பது விதி. ஈக்கள் படிக்காதவை, போயின, திரும்பவில்லை.

சோதிப்பதற்கு ஒரு தாள் உண்டு. விஷம் இருந்தால் கறுத்துவிடும். அந்தத் தாள் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. எழுதிக் கேட்டோம், வரவில்லை. பிறகு மூக்குதான். அழுகிய மீனும் பூண்டும் கலந்ததுபோல வீசும் என்று கையேட்டில் போட்டிருந்தது. எனக்கு ஒரு நாளும் வீசியதில்லை. பொடி போட்டுப் போட்டு என் மூக்குக்கு மல்லிகையும் சாக்கடையும் ஒன்றாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆகவே "வாசனை: இல்லை" என்று நான் எழுதிய ஒவ்வொரு முறையும் சத்தியத்தைத்தான் எழுதினேன். இப்படி ஒரு மூக்கை நம்பி இருபது குடும்பங்கள் இருந்தன.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கதவு திறப்போம். வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு மூட்டை தூக்கலாம். இதுதான் ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோடுமேன்களின் மேஸ்திரி என்னிடம் வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் கொக்கி.

"சார், வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம் வந்துடுது. அது போனா உச்சிவேள. உச்சியில புது அட்டியத் தொட எவனும் மாட்டான் சார்."

"பகுத்தறிவு ஆட்சியில ராகுவுக்கு என்னங்க வேல?"

"ஆட்சி உங்களோடது சார். முதுகு எங்களோடதுல்ல?"

"சரி, அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பரஸ்தானம் பண்ணிடுவோம்."

எங்கள் பக்கத்தில் ஊருக்குக் கிளம்ப நல்ல நேரம் அமையாவிட்டால், நல்ல நேரத்தில் துணிப்பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆள் பிறகு எந்தக் கெட்ட நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. மேஸ்திரி இதை அரிசி மூட்டைக்குப் பொருத்தினார். பத்தேகாலுக்கு நான் பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, வாசலோர அட்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிவந்து லாரியில் போட வேண்டும். வேலை தொடங்கியாயிற்று. மற்றவர்கள் பன்னிரண்டுக்கு மேல் நிதானமாக உள்ளே போவார்கள். அதற்குள் முழு நாள் காற்றாடியிருக்கும். விதியும் பிழைக்கும், ராகுவும் கோபிக்க மாட்டார்.

"ஒரே ஒரு மூட்டைதானே" என்று நான் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், எனக்கு எல்லோரும் வேண்டும். யாராவது என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வியாதிக்குக் கையேட்டில் மருந்து போடவில்லை.

அந்த ஒரு மூட்டையைத் தூக்குகிறவர் எப்போதும் ஒரே ஆள்தான். என் வயதுக்காரர். ராசிக்காரக் கை என்று பெயர். முன்பு வயலில் இருந்தபோது ஊரில் யார் விதைவிட்டாலும் முதல் கைப்பிடி இவர் விட வேண்டும் என்று கூப்பிடுவார்களாம். மிராசுதார் வீட்டு நாற்றங்காலும் அப்படித்தான். பிறகு கூலிச் சண்டை வந்தது. இவர் வரப்பில் கொடி நட்டு நின்றார். மிராசுதார் வெளியூர் ஆட்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கி அறுத்தார். அடிதடி, கேஸ், கோர்ட்டு. கேஸ் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் அதற்குப்பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வயலிலும் இவரை இறங்க விடவில்லை. உச்சவரம்பு நிலத்தில் ஒரு துண்டு வரும் என்று ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனுக் கொடுத்தார். மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அவருக்கென்று இருந்தது இந்தக் குடோன் ஒன்றுதான்.

அவர் உள்ளே ஓடும்போது மற்றவர்கள் வாசலில் நின்று எண்ணுவார்கள். நெல் அளக்கிற பழக்கத்தில் ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." பன்னிரண்டு, பதிமூன்றுக்குள் மூட்டையோடு வெளியே வந்துவிடுவார். ஆரவாரம் போடுவார்கள். நானும் கைதட்டுவேன். ஏழு வருஷத்தில் அது ஒரு சின்னத் திருவிழாவாகிவிட்டது.

அந்த வருஷம் கார்த்திகையில் அடைமழை. சீர்காழிப் பக்கம் ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றன. வெள்ள நிவாரணத்துக்கு அரிசி போக வேண்டும், வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று போன் வந்தது. வியாழன் பகல் கவரை இழுத்துக் கதவுகளைத் திறந்தோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சாரல் உள்ளே அடிக்க ஆரம்பித்தது. அரிசி நனைந்தால் என் தலை போகும். எல்லாக் கதவையும் சாத்தச் சொன்னேன். கவர் பாதி விலகியபடி அப்படியே கிடந்தது. விஷம் உள்ளேயே ராத்தங்கிற்று.

வெள்ளி காலை எட்டு மணிக்குத்தான் மறுபடி திறந்தோம். விதிப்படி பார்த்தால் பர்மிட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, மறுநாள் எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பர்மிட்டை நான் புதன்கிழமையே எழுதி வைத்திருந்தேன். எனக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அவசரத்தில் எழுதினால் கெட்டுவிடும் என்று எப்போதும் இரண்டு நாள் முன்னதாகவே, ஆற அமர, திறந்த நேரம் வியாழன் பன்னிரண்டு, வாசனை இல்லை, நுழையும் நேரம் வெள்ளி பன்னிரண்டு என்று எழுதிவிடுவேன். அடித்துத் திருத்தினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். திருத்தவில்லை.

வாசலில் இரண்டு லாரி நின்றது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். மணி பத்தைத் தாண்டியது. நான் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி கட்டைவிரலை மையில் தேய்த்து வைத்தார். ராசிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சார், கதவு இப்பத்தானே தொறந்தீங்க?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "பொறுங்க, இன்னைக்கு வேணாம்" என்று சொல்ல நாலு நொடி போதும். எனக்கு வாயில் வந்தது வேறு.

"ஒங்க கையப் பாத்தா விஷமே வெவசாயம் பண்ணப் போயிடும், போங்கண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார். சிரிக்கிறவன் மூச்சைப் பிடிக்க முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"லாபம்... ரெண்டு... மூணு..."

பதிமூன்று ஆயிற்று. இருபது ஆயிற்று. பாதி விலகிய கவர் வாசலோர அட்டியின் மேல் மடிந்து விழுந்து கிடந்திருக்கிறது. ஈரத்தில் கனத்துப்போன அதைத் தூக்கிவிட்டு மூட்டையை உருவ வேண்டியிருந்ததாம். இருபத்தைந்தில் எண்ணுகிறவர்களின் குரல் இறங்கிவிட்டது. முப்பத்து நாலில் அவர் வெளியே வந்தார், தலையில் மூட்டையோடு. லாரியில் மூட்டையைச் சரியாகப் போட்டார். கீழே உட்கார்ந்தார். இருமினார்.

"என்ன மாமா, உள்ள தூங்கிட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"தலைய சுத்துதுடா" என்றார் சிரித்தபடி. வாந்தி எடுத்தார். சோடா வாங்கிக் கொடுத்தோம். மற்றவர்களை உள்ளே விடாமல் மேஸ்திரி வாசலை மறித்து நின்றார். நான் சொல்லிச் செய்ததல்ல. நிவாரண லாரி இரண்டும் ஒரே ஒரு மூட்டையோடு மறுநாள் வரை நின்றன.

சாயங்காலம் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மாயவரம் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். பிழைத்தார். பிழைத்தார் என்றால், வாசலிலிருந்து வாய்க்கால்வரை நடந்தால் நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டும். மூட்டை என்ன, குடத்துத் தண்ணீரைத் தூக்க முடியாது.

அப்போது எங்கள் குடோனில் வாசல் காவலாளி ஓய்வு பெறுகிற சமயம். பகலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற லாரியின் எண்ணைச் சொன்னால் போதும். எழுதக்கூட வேண்டாம். வேலையில் அடிபட்டு உடம்பு கெட்டவருக்கு அந்த இடத்தில் முன்னுரிமை என்று ஒரு உத்தரவு இருந்தது. மேஸ்திரி அதைத் தெரிந்துகொண்டு வந்தார்.

"விசாரணைக்கு ஆபீசர் வர்றாராம் சார். நாங்க சொல்லுறது எடுபடாது, சீட்டுல என் கைநாட்டு இருக்கு. நீங்க உள்ளதச் சொல்லிடுங்க. கதவு காலையிலதான் தொறந்தோம்னு ஒரு வார்த்த. அந்த நாற்காலி அவனுக்குக் கெடச்சிடும்."

"கெடைக்கலன்னா?"

"வயலுக்குத் திரும்பிப் போவ முடியாது. இங்கயும் முடியாது. அவ்வளவுதான் சார்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "போட்டுடுங்க, உண்மையப் போட்டுடுங்க. போற வேல போவட்டும்" என்றாள். ராகுகாலத்தில் என்னைக் கட்டிக்கொண்டவள், எதற்கும் பயப்படாதவள். எனக்குத்தான் பயம். இரண்டு பெண் குழந்தைகள், இன்னும் நிரந்தரமாகாத உத்தியோகம். விடியும்வரை கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்க்காத குறை.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். தங்கமான மனிதர். முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார். மேஸ்திரி நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆபீசர் பர்மிட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க கைநாட்டுதானே?"

"ஆமாங்க."

"வியாழக்கிழமை திறந்ததுன்னு இதுல இருக்கே. அப்புறம் ஏன்யா இப்ப மாத்திச் சொல்றீங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். ஆபீசர் என் புத்தகத்தைப் புரட்டினார். ஏழு வருஷத்துப் பர்மிட், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"இந்த மாதிரி சுத்தமான ரெக்கார்டு நான் எந்தக் குடோன்லயும் பாத்ததில்ல. பிரமாதமான கையெழுத்து சார் உங்களுக்கு."

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு மனிதரின் நுரையீரல் விவகாரம் நடக்கிறது, நான் கையெழுத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு இளித்தேன்.

"இந்தாளுக்கு மூச்சுத் தொந்தரவு எதனால வந்திருக்கும்னு நெனக்கிறீங்க? நீங்க சொல்லுங்க."

அதுதான் அந்த நிமிஷம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பயம் வந்தால் வாய் தானாக வேடிக்கை பேசும். பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்கு முன்னால் பேசுவேன். பெண் பார்க்கப் போனபோது பேசினேன்.

"என்னத்த சொல்றது சார், அவரு பீடியும் எங்க ரயிலும் ஒண்ணு. ரெண்டும் பொகைய விட்டாத்தான் நகரும்" என்றேன்.

ஆபீசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து எழுதினார். அவர் எழுதுவதைத் தலைகீழாகவே படிக்க எனக்கு வந்தது. "நீண்டகாலப் புகைப்பழக்கம் உள்ளவர் என மேற்படி அலுவலர் தெரிவித்தார்." ராசிக்காரர் திருவிழாவுக்குத் திருவிழா ஒரு பீடி பிடிப்பார். அதுவும் யாராவது கொடுத்தால்.

"அய்யோ சார், நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

"வெளையாட்டா? அப்ப நெசம் என்ன?" என்று பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார். கேட்டார், ஐயா. இரண்டாவது முறையும் கதவைத் திறந்து வைத்தார் அந்த மனிதர். காகிதத்தைப் பார்த்தேன், மேஸ்திரியின் விபூதியைப் பார்த்தேன், என் பெண்களின் முகம் வந்தது.

"சீட்டுல இருக்கறதுதான் சார்" என்றேன்.

மேஸ்திரி வெளியே போய்விட்டார். அதற்குப்பிறகு பர்மிட்டில் கைநாட்டு வைக்க வருவார், வைப்பார், போவார். வாசல் நாற்காலி ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளரின் மச்சானுக்குப் போயிற்று. நல்ல பையன்தான். எனக்குத் தினமும் சல்யூட் அடிப்பான். ஒவ்வொரு சல்யூட்டும் பிடரியில் விழும். பரஸ்தானம் அன்றோடு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் உச்சிவேளையிலேயே மூட்டை தூக்கினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

எனக்கும் ஆகவில்லை. வேலை நிரந்தரமானது. ஆட்சி மாறியது. நாங்கள் ஒரே கொடியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். அந்த ஆபீசர் ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகுதான் பெரிய நகைச்சுவை நடந்தது. குடோன் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தும்படி எனக்குத் தஞ்சாவூரில் பதவி உயர்வு கொடுத்தார்கள். என் பர்மிட் புத்தகம்தான் மாதிரி. "இப்படித்தான் பதிவு இருக்கணும்" என்று அதைக் கையில் பிடித்துக் காட்டிப் பாடம் நடத்தினேன். வகுப்பில் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று பெயர் வேறு.

மூன்று வகுப்புத் தாங்கினேன். நாலாவது வகுப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குத்தாலத்தில் இறங்கி, அவர் தெருவுக்கு நடந்தேன். கையில் ஒரு பை ஆரஞ்சு. மூச்சுக்கு ஆரஞ்சு நல்லதா என்றுகூடத் தெரியாது. வெறுங்கையோடு போகக் கூச்சம்.

நடவுக் காலம். தெருவில் ஆளே இல்லை. அவர் மனைவி நடவுக்குப் போயிருந்தார். இவர் வேப்ப மரத்தடியில் முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, முன்பக்கம் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் கதவு ஒன்று திறந்து மூடுவதுபோலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்கண்ணே, ஒக்காருங்க" என்று பதறினேன்.

"வாங்க சார்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பெரிய... வேல ஆயிடுச்சாமே. மேஸ்திரி சொன்னாரு."

அதிலே குத்தல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இல்லை. விசாரித்தார், அவ்வளவுதான். பெண்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மழை எப்படி என்று கேட்டார். வயல் பக்கம் பார்த்து, நாற்று முற்றிப்போய்விட்டது, சீக்கிரம் நட வேண்டும் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சுக்காக நிறுத்தினார். அந்த இடைவெளிகளில் நான் வேடிக்கை பேசாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமையே எழுதிய சீட்டு, பீடிப் பேச்சு, இரண்டாவது முறை கேட்டபோது நான் சொன்ன பதில். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தலையை அசைத்தார், வேறு யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். இப்ப எழுதிக் கொடுத்துடுறேன். சீட்டு பொய், கதவு வெள்ளிக்கெழம காலையிலதான் தொறந்தோம், நான்தான் உள்ள அனுப்புனேன்னு ஒண்ணுவிடாம எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்துடுறேன். உள்ளதச் சொல்லிடுறேன் அண்ணே."

அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தார்.

"இனிமே யாருகிட்டங்க?"